மாமா செய்த வண்டியும் அப்பாவின் முட்டியும்

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். இங்கே அம்மா நலம், நான் நலம், அப்பா நலம் என்று அப்பா சொல்கிறார். அங்கே நீங்களும் அத்தையும் நலமாக இருப்பீர்கள் என்றும், பட்டறையில் நெருப்புப் பொறி பறக்கும் திசையில் அத்தை இப்போது துணி காயப்போடுவதில்லை என்றும் நம்புகிறேன். இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நீங்கள் போனை எடுத்தால் உங்கள் பின்னால் கிரைண்டர் ஓடுகிறது, நாங்கள் போனை எடுத்தால் எங்கள் பின்னால் அப்பா நிற்கிறார். இரண்டில் எது அதிக இடைஞ்சல் என்று சவுண்டு வேலை பார்ப்பவளான என்னாலேயே சொல்ல முடியவில்லை. அதனால் கடிதம்.

முதலில் நல்ல செய்தி. நாலு வண்டிக்கான ஆர்டர் உங்களுக்குத்தான். லைட் சாமான்களை வைத்துத் தள்ள நீங்கள் செய்த முதல் சினிமா வண்டி இந்த ஒரு படப்பிடிப்பைத் தாங்கிவிட்டால் லைட்டுக்கு மூன்று, சவுண்டுக்கு ஒன்று என்று ப்ரொடக்ஷன் மேனேஜர் சொல்லியிருந்தார் அல்லவா, அந்த வார்த்தையை அவர் காப்பாற்றிவிட்டார். மருத்துவமனைக் கட்டில் செய்யும் கம்பெனி வேலையை விட்டுவிட்டுத் தனியாகப் பட்டறை போட்டதற்காக அத்தை உங்களிடம் பேசாமல் இருந்தால், இப்போது பேசச் சொல்லுங்கள். ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தால் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கள். ஆனால் இந்த ஆர்டர் போன வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கைவிட்டுப் போய், பதினொன்றே முக்காலுக்குத் திரும்பி வந்தது. நடுவில் நடந்ததைத்தான் எழுத வந்தேன்.

அம்மா உங்களிடம் ரகசியமாகக் கேட்டுக்கொண்டது நினைவிருக்கும். அப்பா செட்டில் லைட்டுகளுக்குப் பக்கத்தில் முட்டி வலியோடு பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறார், வலிக்கிறது என்று ஒப்புக்கொள்ள மாட்டார், ஆகவே லைட் வண்டியில் அவருக்கே தெரியாமல் ஓர் இருக்கை வைத்துக் கொடு என்பது அம்மாவின் திட்டம். அதற்காக அப்பாவின் முட்டியிலிருந்து தரைவரை எவ்வளவு என்று அளக்க வேண்டியிருந்தது. புது பேன்ட் தைக்க என்று சொல்லி அம்மா டேப்பை எடுத்தாள். "பேன்ட்டுக்கு இடுப்புலேருந்துதானே அளப்பாங்க, எதுக்கு முட்டிலேருந்து அளக்குறே?" என்று அப்பா கேட்டார். "இப்ப அப்படித்தான் தைக்கிறாங்க, உங்களுக்கு என்ன தெரியும்" என்று அம்மா சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து மூன்று வாரமாக, சாப்பிட உட்காரும்போதெல்லாம் அந்த பேன்ட் எப்போது வரும் என்று அப்பா கேட்டுக்கொண்டிருக்கிறார். தையல்காரருக்கு உடம்பு சரியில்லை என்று அம்மா சொல்லிவிட்டாள், இப்போது அந்த மனிதரை நலம் விசாரிக்கப் போக வேண்டும் என்கிறார் அப்பா.

வண்டி வந்த அன்று அப்பா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஸ்டாண்டுகளை நிறுத்தி வைக்கும் கூண்டு, கேபிள் சுருள்களை மாட்டும் கொக்கிகள், டேப்புகளைக் கோத்து வைக்கும் கம்பி, படிக்கட்டில் ஏற்றினாலும் குலுங்காத பெரிய சக்கரங்கள் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார். பாராட்டாக ஒரு வார்த்தை வரவில்லை, ஆனால் நான் வண்டியின் மேல் தண்ணீர் பாட்டிலை வைத்தபோது அதை எடுத்து என் கையில் கொடுத்தார். அவர் அகராதியில் அதற்குப் பெயர் காதல். பிறகு கீழ் இழுப்பறையை இழுத்தார். இருக்கையாக நீங்கள் ஒளித்து வைத்த மெத்தை வெளியே வந்தது. "பாப்பா, இதுக்கு எதுக்கு மெத்தை?" என்றார். நீங்கள் சொல்லிக் கொடுத்தபடியே, "பல்பு உடையாம இருக்கறதுக்குப்பா" என்றேன். ஒரு நிமிடம் என்னையே பார்த்துவிட்டு, பல்புகளைக் கொண்டுவந்து மெத்தையின் மேல் குழந்தைகளைப் படுக்கவைப்பதுபோல் வரிசையாக அடுக்கினார். திட்டம் அங்கேயே படுத்துவிட்டது.

அடுத்த இரண்டு நாளில் அந்த இருக்கையில் உட்காராத ஆள் இல்லை. பல்புகளைச் சற்றுத் தள்ளிவிட்டு டைரக்டர் உட்கார்ந்தார், மேக்கப் அக்கா உட்கார்ந்தார், நடிகையைப் பார்க்க வந்த அவருடைய சித்தி பிற்பகல் முழுவதும் உட்கார்ந்து அப்படியே தூங்கினார், எழுந்ததும் இந்த மெத்தை எந்தக் கடையில் கிடைக்கும் என்று விசாரித்தார். அப்பா மட்டும் வண்டியின் இடது மூலையில், கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் மெதுவாகப் போய், "எல்லாரும் உட்கார்றாங்களேப்பா, நீங்களும் கொஞ்ச நேரம் உட்காருங்களேன்" என்றேன். "லைட்டுக்காரன் உட்கார்ந்து பாத்திருக்கியா? உட்கார்ந்து சம்பாதிக்கறதெல்லாம் உங்க டிபார்ட்மென்ட்" என்றார். அது எனக்கு விழுந்த அடி. செட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பது சவுண்டுக்காரியான நான்தான். ஆனால் என் வண்டியை நீங்கள் பார்த்ததில்லை. ஏதோ ஓர் அலுவலகத்தில் டீ தள்ளிக்கொண்டு போக வைத்திருந்த பழைய தள்ளுமேசை அது. அதன் ஒரு சக்கரம் எப்போதும் வாசலைப் பார்த்தே திரும்பி நிற்கும், வேலையை விட்டுவிட்டுப் போகத் துடிப்பதுபோல. நாலு வண்டியில் ஒன்று எனக்கு என்பதால், உங்கள் ஆர்டரில் எனக்கிருந்த அக்கறை முழுக்க முழுக்கப் பாசம் மட்டுமல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

வியாழக்கிழமைக்கு வருகிறேன். வாடகைக்கு எடுத்த ஒரு பழைய வீட்டின் மாடி அறை. நடிகை ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு கடிதத்தைப் படிக்க வேண்டும், படித்து முடித்து நாற்பது விநாடி ஒன்றும் பேசாமல் இருக்க வேண்டும். வசனமே கிடையாது. வசனம் இல்லாத காட்சி என்றால் சவுண்டுக்கு ஓய்வு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் அன்றுதான் எங்களுக்கு உயிர் போகும். முதல் டேக், இருபதாவது விநாடி, என் ஹெட்ஃபோனில் 'கிர்க்' என்று ஒரு சத்தம். கை தூக்கினேன். மாமா, இந்தப் படத்தில்தான் முதல் முறையாக நான் யாருக்கும் அசிஸ்டென்டாக இல்லாமல் தனியாக சவுண்டு பார்க்கிறேன். கை தூக்கினால் முப்பது பேர் திரும்பி, இந்தப் பொண்ணுக்கு என்ன வேண்டுமாம் என்பதுபோல் பார்ப்பார்கள். "ஒரு சத்தம் வருது சார்" என்றேன். "எனக்குக் கேக்கலையே" என்றார் டைரக்டர். ஹெட்ஃபோனை அவர் காதில் மாட்டினேன், அடுத்த டேக்கில் அவருக்கும் கேட்டது. அதன்பிறகு அந்த வீடு படாத பாடு பட்டது. ஜன்னல் கீலுக்கு எண்ணெய் விட்டார்கள். நடிகையின் நாற்காலியை மாற்றினார்கள். தரைப் பலகையில் ஆணி அடித்தார்கள். பக்கத்து அறையில் வாட்ச் கட்டியிருந்தவர்களை எல்லாம் கழற்றச் சொன்னார்கள். ஆறு டேக் ஆகியும் 'கிர்க்' ஒழுங்காக வேலைக்கு வந்தது. சம்பளம் வாங்காமல் அவ்வளவு நேரம் தவறாமல் உழைத்தது அந்த செட்டில் அது ஒன்றுதான்.

அப்போதுதான் மேனேஜர் வாயைத் திறந்தார். "அந்தப் புது வண்டியா இருக்குமோ?"

எட்டுப் பேர் உங்கள் வண்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். முன்னால் தள்ளினார்கள், பின்னால் இழுத்தார்கள், குலுக்கினார்கள், ஒருவர் சக்கரத்தின் பக்கத்தில் தரையில் படுத்துக் காதை வைத்தார். ஒரு சத்தமும் இல்லை. நான் பெருமூச்சு விட்டேன். வண்டியைப் பழைய இடத்திலேயே நிறுத்தினார்கள், அப்பா தன் மூலைக்குப் போய் நின்றார், ஏழாவது டேக் ஓடியது. 'கிர்க்.' மேனேஜர் சட்டைப் பையிலிருந்து டைரியை எடுத்தார். அவர் ஆர்டர்களை எழுதுவதும் அதில்தான், அடிப்பதும் அதில்தான். "சத்தம் அந்த மூலையிலேருந்துதான் வருது. வண்டியை வெளியே தள்ளுங்கப்பா. சத்தம் போடுற வண்டியை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? நாலுக்கும் வேற கம்பெனியைப் பாத்துக்கலாம்" என்று பேனா மூடியைக் கழற்றினார். மணி பதினொன்று. என் கண்ணுக்கு முன்னால் உங்கள் பட்டறையின் பெயர்ப்பலகை தெரிந்தது, அதற்கு இன்னும் வண்ணம்கூடப் பூசவில்லை என்பதும் நினைவுக்கு வந்தது.

"வண்டி இல்ல சார்" என்றார் அப்பா. "அது என் முட்டி."

மாமா, அந்த அறையில் நான் நாலு நாளாகக் கேட்ட நிசப்தங்களிலேயே சுத்தமானது அதுதான். பதிவு பண்ணியிருக்கலாம். உச்சி வெயிலில் கேபிள் சுமந்தபோதும், ஏணியிலிருந்து விழுந்து எழுந்தபோதும் 'ஒண்ணுமில்ல' என்பதைத் தவிர வேறு சொல் தெரியாத மனிதர், தனக்குக் கீழே வேலை செய்யும் அத்தனை லைட்மேன்களின் முன்னாலும் அதைச் சொன்னார். மேனேஜர் நம்பவில்லை. "முட்டி இவ்வளவு சத்தமா கேக்குமா அண்ணே?" என்றார். "கேக்குது. ரெண்டு வருஷமா இப்படித்தான். வேணும்னா என் பொண்ணையே கேளுங்க, அவ காதுக்குத் தப்பாது" என்றார் அப்பா. எனவே நான் நீளக் கம்பின் நுனியில் இருந்த மைக்கைக் கொண்டுபோய் என்னைப் பெற்ற அப்பாவின் முட்டிக்குப் பக்கத்தில் பிடித்தேன். அவர் வண்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக முட்டியை மடக்கினார். 'கிர்க்.' நிமிர்ந்தார், மறுபடி மடக்கினார். 'கிர்க்.' எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "முட்டிதான் சார். இடது முட்டி" என்றேன். ஒரு டாக்டர்கூட அவ்வளவு நிச்சயமாகச் சொல்லியிருக்க மாட்டார்.

டைரக்டர் அப்பாவின் தோளைத் தொட்டு, "அண்ணே, டேக் போறப்ப மட்டும் நீங்க உட்கார்ந்துக்கணும். எனக்காக இல்ல, சவுண்டுக்காக" என்றார். பல்புகளை அகற்றிவிட்டு அப்பா உட்கார்ந்தார். எட்டாவது டேக்கில் நாற்பது விநாடியும் சுத்தமாக வந்தது. மேனேஜர் டைரியில் 'நாலு வண்டி' என்று எழுதி அடிக்கோடு போட்டார். பதினொன்றே முக்கால். அன்றிலிருந்து ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் அசிஸ்டென்ட் டைரக்டர், "சைலன்ஸ்… அண்ணே உட்காருங்க… ரோலிங்" என்று கத்துகிறார். அப்பா பள்ளிக்கூடத்தில் மணி அடித்ததுபோல் உட்காருகிறார், கட் சொன்னதும் எழுந்துவிடுகிறார். ஒரு நாளைக்கு முப்பது டேக் என்றால் முப்பது முறை. அம்மா கணக்குப் போட்டு, இது மருந்தைவிட நல்லது என்கிறாள். அடுத்த வாரம் முட்டி டாக்டரிடமும் பெயர் பதிந்தாகிவிட்டது. முப்பது பேர் முன்னால் சொன்ன பிறகு அவரால் இல்லை என்று சொல்ல முடியவில்லை.

ஆனாலும் எனக்கு மனசு சரியாக இல்லை. நம் திட்டம் ஜெயித்துவிட்டது, உங்கள் வண்டி ஜெயித்துவிட்டது, என் காதும் ஜெயித்துவிட்டது, அப்பாவின் கௌரவத்தைத்தான் மைக் வைத்துப் பிடித்துக் கொடுத்துவிட்டேன். வீடு திரும்பும்போது பஸ்ஸில் அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "ஹெட்ஃபோன்ல நல்லா கேட்டுச்சா?" "நல்லா கேட்டுச்சுப்பா" என்றேன். "ம்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அத்தைக்கு என் அன்பு. உங்கள் கைக்கும் கண்ணுக்கும் ஒரு குறையும் வராமல் நாலு வண்டியும் நல்லபடியாக முடியட்டும். என் வண்டியில் இருக்கையை ஒளித்து வைக்க வேண்டாம், வெளிப்படையாகவே வையுங்கள், நான் உட்காரும் ஜாதி என்று ஊருக்கே தெரியும். புது வண்டிகளின் அளவுகளை அப்பா தனித் தாளில் எழுதி இதே உறையில் வைத்துத் தபாலில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதனால் உறையை ஒட்டாமல் அவரிடம் கொடுக்கிறேன். அடுத்தவர் கடிதத்தைப் பிரித்துப் படிக்கிற ஆள் இல்லை அவர்.

என்றும் உங்கள் அன்பு மறவாத,
அக்கா மகள்

பி.கு.: மச்சான், படிச்சுட்டேன். பல்புக்கு மெத்தை வைக்கிற அளவுக்கு நீ தாராளமான ஆள் இல்லைன்னு அன்னிக்கே எனக்குத் தெரியும். பேன்ட் வராதுன்னும் தெரியும். கேட்டா உங்கக்கா முழிக்கிற முழியைப் பாக்கறதுக்காகக் கேக்கறேன். இப்ப விஷயத்துக்கு வா. சத்தம் போட்டது உன் வண்டிதான். இடது பக்கக் கைப்பிடிக் கம்பி சட்டத்தோட சேர்ற இடத்துல வாஷர் போடாம விட்டுட்டே, இரும்பும் இரும்பும் உரசுது. தள்ளினா, குலுக்கினா வராது. ஆள் சாய்ஞ்சு நின்னாத்தான் வரும். ஏழாவது டேக்லதான் என் உள்ளங்கைக்குத் தெரிஞ்சுது. மைக் வச்சப்ப முட்டியை மடக்கிக்கிட்டே கையால கம்பியை ஒரு அமுக்கு அமுக்கினேன், அவ்வளவுதான். மத்தியானமே பழைய சைக்கிள் டியூபை வெட்டி நடுவுல வச்சு இறுக்கிட்டேன். நாலு வண்டியிலயும் மறக்காம ரப்பர் வாஷர் போடு. பாப்பாகிட்ட மூச்சு விடாதே. அவ சொன்னதை முப்பது பேர் மறுபேச்சு இல்லாம கேட்டது அன்னிக்குத்தான். அவ காதுலயும் தப்பு இல்ல, ஒரு சாண் தள்ளிக் கேட்டுட்டா. மெத்தையை இன்னும் ஒரு விரல் கனமா போடு. முட்டி வலிக்கறது நெசம்தான், ஆனா அது இதுவரைக்கும் ஒரு டேக்கைக்கூடக் கெடுத்ததில்ல.