திறப்பு மாஸ்டரின் சுபநேரம்

யாழ்ப்பாணத்தில் இப்போது மடிக்கணினிக்கும் கிரகம் பார்க்கிறார்கள். பஞ்சாங்கம் இத்தனை காலமும் மனிதரை மட்டும் கவனித்ததுதான் ஆச்சரியம்.

நகரில் ஒரு மேல்மாடி அறை. சனிக்கிழமைதோறும் றஞ்சித் மாஸ்டர் அங்கே எழுந்தருளுவார். வீட்டிலிருந்தே கொழும்புக் கம்பனிகளுக்குக் கணினி நிரல் எழுதும் இளசுகள், காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்கி வந்ததுபோல் கணினியை அணைத்துக்கொண்டு படிக்கட்டுவரை நிற்பார்கள். எழுதிய நிரலைச் சேர்த்துவைக்கும் கம்பனிக் களஞ்சியத்துக்குள் நுழையக் கடவுச்சொல் போதாது. கணினியில் சோடியாக இரண்டு திறப்பு, அதாவது சாவி, உண்டாக்கவேண்டும். ஒன்று களஞ்சியத்துக்கு. மற்றது இரகசியம், எவருக்கும் காட்டக்கூடாது. விண்டோஸில் இந்த வேலை சிலவேளை முரண்டு பிடிக்கும். முரண்டுக்குக் காரணம் சனிபகவான் என்று கண்டுபிடித்தவர் மாஸ்டர். சமயபேதம் பாராதவர். சைவருக்குத் தேசிக்காய் என்கிற எலுமிச்சை, வேதக்காரரான கிறிஸ்தவருக்கு மெழுகுதிரி, எல்லாருக்கும் ஒரே கட்டணம்.

தனுஷிகா தொண்டைமானாற்றிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தாள். முதல் வேலை. திங்கட்கிழமைக்குள் எழுதியதைக் களஞ்சியத்தில் ஏற்றாவிட்டால் வேறு ஆள் பார்ப்பதாகக் கம்பனி சொல்லிவிட்டது. களஞ்சியமோ மூன்று நாளாக அவளை உள்ளே விடவில்லை. அன்று காலைதான் விஷயம் கேள்விப்பட்டுத் துணைக்கு வந்தவள், அதே கம்பனியில் வேலைசெய்யும் நகரத்துப் பெண் இன்ஷிரா.

வரிசையில் தனுஷிகாவுக்கு முன்னால், சண்டிலிப்பாயிலிருந்து வந்த ஜெயதீபன் மாஸ்டர் சொன்னபடி கண்ணை மூடி இருந்தான். மாஸ்டர் தேசிக்காயைக் கணினியைச் சுற்றிக் காட்டினார். பிறகு விசைகள் படபடவென்று தட்டுப்படும் சத்தம். கண்ணைத் திறந்தபோது களஞ்சியம் அவன் பெயர் சொல்லி வணக்கம் வைத்தது. சனம் மெய்சிலிர்த்தது. தனுஷிகாவும் கைகூப்பினாள்.

"உங்கடை இரகசியத் திறப்பு என்ரை கணினியிலை பத்திரமாய்க் கிடக்கும், தம்பி," என்றார் மாஸ்டர்.

இன்ஷிராவின் புருவம் உயர்ந்தது. தனுஷிகாவை முந்தி, தன் கணினியை மேசையில் வைத்தாள்.

"களஞ்சியம் இதையும் உள்ளுக்கை விடுதில்லை, மாஸ்டர்."

மாஸ்டர் மூடியில் உள்ளங்கையை வைத்தார். "சனி பார்வை. கடும் பார்வை. இப்பதான் ராகுகாலமும் துவங்கியிருக்கு. பத்தரைக்குப் பிறகுதான் தொடலாம், பிள்ளை."

"ராகுகாலத்திலை வேலை செய்யவே செய்யாதோ?"

"சத்தியமாய்ச் செய்யாது."

இன்ஷிரா மூடியைத் திறந்து ஒரு வரி தட்டினாள். களஞ்சியம் உடனே அவள் பெயர் சொல்லி வணக்கம் வைத்தது.

"இது ரெண்டு வருசமாய் நல்லாத்தான் வேலை செய்யுது," என்றாள்.

"சில கிரகம் மறைஞ்சு நிக்கும்," என்றார் மாஸ்டர். ஒருவரும் தலையாட்டவில்லை.

"தனு, இப்ப உன்ரையைத் திற. நீயே தட்டு." இன்ஷிரா அவள் திரையை எட்டிப் பார்த்தாள். "திறப்புக்கு நீ வேறை பேர் வைச்சிருக்கிறாய். அது எங்கை கிடக்கெண்டு விண்டோஸுக்குத் தெரியேல்லை. திறப்பைப் பிடிச்சு வைச்சிருக்க ஒரு சேவை இருக்கு. அது ஓடாமல் கிடக்கு. அதை ஓடவிட்டு, உன்ரை திறப்பைக் குடு."

தனுஷிகா தட்டினாள். ஒருதரம் எழுத்துப் பிழைத்தது, திருத்தினாள். மூன்று நாளாகக் கதவடைத்த களஞ்சியம், ராகுகாலம் நடுவில், அவளையும் பெயர் சொல்லி அழைத்தது. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது.

"இவ்வளவுதானோ?" என்றாள்.

"இவ்வளவுதான். இதைத்தான் மாஸ்டரும் நாங்கள் கண்ணை மூடியிருக்கேக்கை செய்யிறார்." இன்ஷிரா ஜெயதீபனிடம் திரும்பினாள். "அண்ணை, உங்கடை வீட்டுத் திறப்பை ஊராற்றை அலுமாரியிலை வைப்பியளோ? உந்த இரகசியத் திறப்பு இருந்தால் அவர் உங்கடை பேரிலை கம்பனிக்குள்ளை போகலாம். களஞ்சியத்திலை கிடக்கிற பழசை அழிச்சுப்போட்டுப் புதுசு செய்யுங்கோ."

படிக்கட்டெல்லாம் கணினிகள் திறந்தன. பழைய திறப்புகள் அழிந்தன. மாஸ்டருக்கு அவசரமாய் உடுப்பிட்டியில் ஒரு அலுவல் வந்துவிட்டது.

ஜெயதீபன் மட்டும் பயபக்தியோடு இன்ஷிராவை நெருங்கினான். "தங்கச்சி, இனி நீங்கள் எந்தக் கிழமையிலை பாக்கிறியள்? தேசிக்காய் கொண்டுவர வேணுமோ?"

தனுஷிகாதான் பதில் சொன்னாள்.

"தேசிக்காயைக் கரைச்சுக் குடியுங்கோ, அண்ணை. பிறகு, என்ன பிழையெண்டு அந்தத் திரையிலை எழுதிக் கிடக்கு, அதை ஒருக்கால் வாசியுங்கோ."