பதினெட்டு புள்ளி ஏழு

"புள்ளியெல்லாம் இங்க வெட்ட வராது சார். அரை, கால், முக்கால்னு சொல்லுங்க" என்றார் கண்ணாடிக் கடைக்காரர்.

கணக்கு வாத்தியார் சிரித்துக்கொண்டார். இருபத்திரண்டு வருஷமாகப் பின்னம் சொல்லிக்கொடுக்கிறவரிடமே பின்னம் கேட்கிறார் மனுஷன்!

காலையில் மக்கர் செய்த ஜன்னல் கதவைக் குத்தி மூடப்போய் கண்ணாடியை உடைத்தது வாத்தியார்தான். ஜன்னலுக்குக் கீழேதான் அவர் மனைவியின் தையல் மிஷின். பக்கத்தில் நாளைக்குக் கொடுக்கவேண்டிய பன்னிரண்டு சட்டைகள். மனைவி ஒரு வார்த்தை திட்டவில்லை. டேப்பை எடுத்து அளந்தாள், சீட்டில் எழுதினாள், டேப்பைப் பையில் போட்டுக்கொண்டு துணி வாங்கக் கிளம்பிவிட்டாள்.

"மழை வரதுக்குள்ள மாட்டிடுங்க. சட்டை நனைஞ்சா என் பேரு கெட்டுடும்."

உயரம் 24. அகலம் 18.7. வாத்தியார் சீட்டை ஒரு தடவை பார்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"புள்ளி ஏழுன்னா பத்துல ஏழு" என்றார்.

"என் ஸ்கேல்ல அங்குலத்துக்கு எட்டுக் கோடுதான் சார். பத்து இல்ல."

வாத்தியார் கடையின் அட்டைப்பெட்டி மேலேயே கணக்குப் போட்டார். ஏழை எட்டால் பெருக்கி, பத்தால் வகுத்து, ஐந்து புள்ளி ஆறு. கிட்டத்தட்ட ஆறு. "எட்டுல ஆறு, சுருக்கினா முக்கால். பதினெட்டே முக்கால் வெட்டுங்க!"

வீட்டில் அந்தக் கண்ணாடி சட்டத்துக்குள் நிற்காமல் கடகடவென்று ஆடியது.

"சின்னதா இருக்குப்பா" என்றாள் ஆறாம் வகுப்பு படிக்கும் மகள்.

"எப்படிம்மா சின்னதா இருக்கும்? வேண்டியது புள்ளி ஏழு. முக்கால்னா புள்ளி ஏழு அஞ்சு. பெரிசாத்தான் இருக்கணும். பெரிசா இருக்கிறதாலதான் சரியா உட்காராம ஆடுது."

மகள் ஜன்னலைப் பார்த்தாள். ஓரத்தில் இருந்த சந்து வழியாக வானம் தெரிந்தது. அது கறுத்துக்கொண்டு வந்தது.

வாத்தியார் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு திரும்பக் கடைக்கு ஓடினார். "நீங்க அளவு தப்பா வெட்டிட்டீங்க."

கடைக்காரர் கண்ணாடியை ஸ்கேல்மேல் வைத்துக் காட்டினார். அச்சாகப் பதினெட்டே முக்கால். "வெட்டு சரி சார். கணக்கைத்தான் பாருங்க."

அந்த வார்த்தை வாத்தியாருக்கு எங்கேயோ போய்க் குத்தியது. ஸ்கேலின் மறு ஓரத்தில் அங்குலத்துக்குப் பதினாறு கோடு இருப்பதைக் கண்டுபிடித்தார். மறுபடி பெருக்கினார், வகுத்தார். பதினொன்று புள்ளி இரண்டு. "பதினாறுல பதினொண்ணு! இப்ப மயிரிழை கூடத் தப்பாது."

"முன்னதைவிடச் சின்னதாயிடுமே சார்?"

"அதான் வேணும்!"

இந்தத் தடவை கண்ணாடி ஆடவில்லை. நேராகவே விழுந்தது. மகள் ஓடிவந்து ஒரு பக்கம் பிடித்ததால் தப்பித்தது. வாத்தியார் சட்டத்தின் இரண்டு பக்கமும் அட்டையை மடித்துச் செருகி, ஓர் ஆணியை வைத்து மெதுவாகத் தட்டினார்.

'டிக்' என்று ஒரு சத்தம். கண்ணாடியில் மூலைக்கு மூலை விரிசல் ஓடிவிட்டது.

அதே நேரத்தில் முதல் தூறல் விழுந்தது.

"சட்டையையெல்லாம் உள்ள தூக்கிட்டுப் போ! மிஷின்மேல என் போர்வையைப் போடு!" மகளை விரட்டிவிட்டு, வாத்தியார் குடையை விரித்து ஜன்னலில் சொருகினார். காற்று அதைப் புரட்டிப் போட்டது. இன்னும் அரைமணி நேரத்தில் மனைவி வந்துவிடுவாள். கோபித்துக்கொண்டாலாவது பரவாயில்லை. 'சரி விடுங்க' என்பாள். அதுதான் தாங்காது.

மூன்றாம் முறை கடைக்குப் போனபோது அவர் தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. தோளும் தொங்கிப்போயிருந்தது. சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"நீங்களே பார்த்து வெட்டுங்க. இருபத்திரண்டு வருஷமா பிள்ளைங்களுக்கு என்னத்தைச் சொல்லிக்கொடுத்தேனோ தெரியல."

கடைக்காரருக்கே பாவமாகிவிட்டது. துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டுச் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"யாரு சார் அளந்தது?"

"வீட்டுல. தையல் வேலை செய்யறா."

"அட, எங்க வீட்டுலயும் தையல்தான்." அவர் ஸ்கேலை நகர்த்தி வைத்தார். "உங்க கணக்குல ஒரு தப்பும் இல்ல சார். ஆனா இது தசமமே இல்ல. தையல்காரங்க புள்ளி வெச்சா அதுக்கப்புறம் எழுதறது கோட்டுக் கணக்கு. பதினெட்டு அங்குலம் தாண்டி, டேப்புல ஏழு கோடு. எட்டுல ஏழு. அம்மா பின்னத்தைத்தான் எழுதிக் குடுத்திருக்காங்க!"