நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்து ஆதாரம்

நெருப்பெரிச்சல்,
14.8.2008

மதிப்புக்குரிய சேவூர் மாமா தங்கவேலு அவர்களுக்கு, மருமகன் மோகன்ராஜ் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. நானும் நிர்மலாவும் சுகமாக இருப்பதாகவே வெளியில் சொல்லி வருகிறோம். தாங்களும் அத்தையும் உண்மையிலேயே சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

போன வாரம் தங்கள் பங்காளி வீட்டுக் காதுகுத்துப் பந்தியில் நூறு பேருக்கு நடுவே, "ஏனுங் மாப்ள, எம்புள்ள எப்பத்தானுங் டாக்டராவா? நாலு வருசமா இதையேதான சொல்றீங்க" என்று கேட்டீர்கள். நான் ரசத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். பதிலை இப்போது எழுதுகிறேன்.

மாமா, நாலு வருடமாக நிர்மலாவிடம் இருந்தது டாக்டர் பட்ட ஆய்வுக்கான தற்காலிகப் பதிவு மட்டும்தான். எங்கள் கம்பெனியில் சரக்கு வாங்கும் பையர் சாம்பிளைப் பார்த்து ஓகே சொன்னால்தான் நான் துணியில் கத்தி வைக்க முடியும். அதுபோல ஒரு குழு உட்கார்ந்து கேள்வி கேட்டு, பதிவை உறுதி செய்தால்தான் அவள் ஆய்வேடு எழுதவே தகுதி உள்ளவள் ஆவாள். அந்தக் குழு முதல் முறை கூட வேண்டிய அன்று வழிகாட்டிப் பேராசிரியர் வீட்டில் புதுமனை புகுவிழா, இவள்தான் அங்கே பந்தி பரிமாறினாள். இரண்டாம் முறை வெளியூர் நிபுணர் தேதியை மறந்து குற்றாலம் போய்விட்டார். மூன்றாம் முறை எல்லோரும் வந்தார்கள், அறைச் சாவி வைத்திருந்தவர் வரவில்லை. நாலாவது தடவைதான், போன மாதம், ஒருவழியாகக் கூடியது. நானும் லீவு போட்டுவிட்டுப் போய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். கரண்ட் இல்லாததால் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள், அத்தனையும் காதில் விழுந்தது.

பனியன் கம்பெனிப் பெண்களின் வேலை நேரம்தானே அவள் தலைப்பு. "சீசனில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாயே, ஆதாரம் எங்கே?" என்றார் நிபுணர்.

"நானே எட்டு வருசம் செக்கிங்ல நின்னிருக்கறனுங்க சார்."

"அது அனுபவம்மா. ஆதாரம் இல்லை." பையிலிருந்து தலையணை கனத்துக்கு ஓர் இங்கிலீஷ் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தார். வெளிநாட்டு அம்மா ஒருவர் திருப்பூருக்கே வந்து ஆராய்ந்து எழுதியதாம். "நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். இதுதான் ஆதாரம். படி."

நிர்மலா படித்தாள். பிறகு புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, அதில் இங்கிலீஷில் இருந்ததைப் பார்க்காமலே தமிழில் சொன்னாள்: "ராத்திரி படுத்தா, காலு மட்டும் இன்னும் கம்பெனியிலயே நிக்கற மாதிரி இருக்கும். சார், இது நான் சொன்னதுங்க. அப்ப எனக்குப் பத்தொம்பது வயசு. அந்தம்மா ரெண்டு நாள் பக்கத்துல உக்காந்து எழுதிக்கிட்டாங்க."

"இங்கே பெயர் செல்வி என்றல்லவா இருக்கிறது?"

"பேரை மாத்திப் போட்டுட்டாங்க சார்."

"அப்படியானால் அது நீதான் என்பதற்கு என்ன ஆதாரம்?"

எனக்குப் பொறுக்கவில்லை மாமா. வாசலில் போய் நின்று, "சார், நானும் அதே கம்பெனிதானுங்க. அந்தம்மாவுக்கு நாந்தானுங்க டீ வாங்கியாந்து குடுத்தேன்" என்றேன். அந்த மனிதர் நிஜமாகவே புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "டீயைப் பற்றி இதில் ஒன்றும் இல்லையே" என்றார். வழிகாட்டிப் பேராசிரியர் என்னை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

அரை மணி கழித்து அவள் வந்தாள். பதிவை உறுதி செய்துவிட்டார்களாம். ஒரே ஒரு நிபந்தனை: சொந்த அனுபவம் என்று எழுதிய பதினாறு பக்கத்தையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் செல்வி சொன்னதைச் சேர்க்க வேண்டும். "ஆகட்டுங்க சார்னு சொல்லிட்டு வந்துட்டனுங்க" என்றாள். பஸ்ஸில் அவினாசி தாண்டியதும் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, "ஏனுங்க, அன்னைக்கு நான் அந்தம்மாகிட்டப் பொய்யே சொல்லியிருந்தாலும் இன்னைக்கு அது ஆதாரந்தானுங்களே?" என்று கேட்டாள்.  பதில் தங்களுக்குத் தெரிந்தால் எழுதவும்.

எப்படியோ மாமா, தங்கள் மகள் இப்போது முறைப்படி தகுதி பெற்ற ஆய்வாளர். இன்னும் இரண்டே வருடம். ஊரில் தைரியமாகச் சொல்லிக்கொள்ளுங்கள். அடுத்த பந்தியில் மட்டும் என்னை நிம்மதியாகச் சாப்பிட விடுங்கள். அத்தைக்கு எங்கள் வணக்கம். இருவர் ஆசியும் எங்களுக்கு வேண்டும். நிர்மலாவுக்குக் கொஞ்சம் கூடுதலாக.

தங்கள் அன்பு மருமகன்,
மோகன்ராஜ்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது பல்கலைக்கழக ஆணை ரிஜிஸ்தர் தபாலில் வந்தது. பதிவு உறுதி செய்யப்பட்டுள்ளது. பெயர் சரி, எண் சரி. தலைப்பு: 'பல்லடம் வட்டாரக் கோழிப்பண்ணைகளில் முட்டை விற்பனை'. வேறு யாருடையதோ மாறி டைப் ஆகிவிட்டது. போன் செய்தோம். "திருத்தணும்னா மறுபடி கமிட்டி கூடணும்மா. அதுக்கு நீங்க தலைப்பை மாத்திக்கறது சுலபம்" என்றார் அலுவலகத்தில் இருந்தவர். நிர்மலா அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்தாள். இப்போதுதான் எழுந்து முகம் கழுவிவிட்டு வந்து கேட்கிறாள்: "ஏனுங்க, பல்லடத்துக்கு மொத பஸ்ஸு எத்தன மணிக்குங்க?"