அசல் பழுது

ஹார்லன் சமையலறையை உடைத்து முடித்த பிறகுதான் வீட்டுத் தரகர் டார்லீன் குளியலறைப் பேச்சை எடுத்தாள்.

"தொட்டி வெள்ளையா இருக்கே, ஹார்லன்."

"தொட்டின்னா வெள்ளையாத்தான் இருக்கும்."

"ஐம்பத்தாறுல கட்டின வீட்டுல ரோஸ் கலர்ல இருக்கணும். 'எதையும் மாத்தாத பழைய வீடு, சீரமைக்கணும்'னு விளம்பரம் போட்டாச்சு."

"மாத்தாத வீடா? முப்பது வருஷமா மாத்திக்கிட்டேதானே இருந்தேன்!"

"அதான் நீங்க செஞ்ச தப்பு. நல்லா வச்சிருக்கிற வீட்டை இந்த பாம் ஸ்பிரிங்ஸ்ல எவன் வாங்குறான்? இங்க பழசுக்குத்தான் மவுசு."

ஹார்லனுக்கு எழுபத்திரண்டு வயது. வீடு நான்கு மாதமாக விலைபோகவில்லை. தொலைதூர டுலூத் நகரில் மகள் வீட்டுக்கு எதிரே ஒரு சிறு குடியிருப்பை அவருக்காக வெள்ளிக்கிழமை வரை பிடித்து வைத்திருந்தார்கள். அதற்குள் இது விற்காவிட்டால் அது வேறொருவருக்குப் போய்விடும். இரண்டு வயதுப் பேத்தி, கைபேசித் திரையில் தாத்தா வந்தாலே இணைப்பைத் துண்டித்துவிடப் பழகியிருந்தாள்.

செய்யவேண்டிய எல்லாவற்றையும் அவர் செய்திருந்தார். வீடு விற்பவர்கள் வழக்கமாகச் செய்வதுபோல, மார்ச் மாதமே கையளவு புனித சூசையப்பர் சிலையை வாசலில் கள்ளிச் செடியருகே தலைகீழாகப் புதைத்தார். வெளியே வரத் துடித்து, வாங்கும் ஆளை அவரே இழுத்து வந்துவிடுவாராம். ஹார்லன் கத்தோலிக்கர்கூட இல்லை. சூசையப்பருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டு மேவிஸின் நாய் வாசலைத் தோண்டித் தோண்டிக் குழியாக்கியதுதான் மிச்சம்.

பழைய சாமான் கடையில் ரோஸ் தொட்டி கிடைத்தது. பொருத்தும்போது குழாய் உடைந்தது. குழாயைச் சரிசெய்யச் சுவரை உடைத்தார். தண்ணீர் பீய்ச்சியடித்துக் கூரையில் பழுப்பாக ஒரு கறை விழுந்தது. கடைசியில் வீட்டுக்கு வரும் தண்ணீரையே நிறுத்திவிட்டார்.

வியாழக்கிழமை லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ஃபின், மாரென் என்ற இளம் தம்பதி வந்தார்கள். ஃபின் கூரையைப் பார்த்து உருகினான்.

"இந்தக் கறை... அசலா?"

ஹார்லன் வாயைத் திறப்பதற்குள் டார்லீன் முந்திக்கொண்டாள். "அசல் ஐம்பத்தாறு ஒழுகல்."

"இதை மட்டும் யாரையும் தொடவிடக் கூடாது, மாரென்."

"அந்த ஏ.சி.தான் கண்ணை உறுத்துது," என்றாள் மாரென்.

"அதுக்கென்ன, இப்பவே கழட்டிடறேன்!"

வெளியே நூற்றுப் பதினான்கு டிகிரி. ஹார்லன் கடைசித் திருகைக் கழற்றிய அரைமணி நேரத்தில், ரோஸ் தொட்டியைத் தடவிக்கொண்டிருந்த மாரென் அதற்குள்ளேயே மயங்கி விழுந்தாள்.

"தண்ணி! தண்ணி!" ஃபின் அலறினான்.

ஹார்லன் குழாயைத் திறந்தார். அது இருமியது.

"பக்கத்து வீட்டுக்குத் தூக்குங்கய்யா!" என்றாள் டார்லீன்.

மேவிஸுக்கு எண்பத்தொன்று. அப்பா வாங்கிய வீட்டில் ஓர் ஆணியைக்கூட அவள் மாற்றியதில்லை. கொள்கையெல்லாம் இல்லை, சோம்பல். அங்கே ஏ.சி. ஜில்லென்று ஓடிக்கொண்டிருந்தது. அது யார் கண்ணையும் உறுத்தவில்லை.

வெள்ளிக்கிழமை காலை டார்லீன் கூப்பிட்டாள். "வித்தாச்சு, ஹார்லன்!"

"அப்பாடா! கையெழுத்து எங்க போடணும்?"

"நீங்க போட வேணாம். வித்தது மேவிஸ் வீடு."

"அவங்க விக்கவே இல்லையே!"

"அந்தத் தம்பதி கேட்டாங்க, மேவிஸ் சரின்னுட்டாங்க. ரோஸ் தொட்டி, அடுப்பு, எல்லாம் அசல். உங்க வீடு ரொம்பப் பழுதா இருக்காம்."

ஹார்லன் டுலூத்துக்குப் பேசினார். மாலைக்குள் குடியிருப்பும் கைமாறிவிட்டது.

இருட்டும் முன் கதவு தட்டப்பட்டது. மண் படிந்த கையோடு மேவிஸ் நின்றாள். பின்னால் நாய் வாலாட்டியது.

"போறப்ப கொண்டுபோகலாம்னு என் வாசல் ரோஜாச் செடியைப் பெயர்த்தேம்ப்பா, அடியில இந்தச் சூசையப்பர் கிடந்தாரு. உன் வாசல்ல இருந்துதான் இவன் கவ்விட்டு வந்திருப்பான். புதைச்சதைப் பாரேன், சரியாத் தலைகீழா!"