உலகத்தில் ஒன்றே ஒன்று

பல் டாக்டரின் இரண்டு கைகளும் நோயாளியின் வாய்க்குள் இருந்த நேரம் பார்த்துத்தான் அந்த அக்கிரமம் நடந்தது. மேஜை மேலிருந்த போன் சிணுங்கியது. எட்டிப் பார்த்தவருக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பழைய ரெக்கார்டு சேகரிப்பவர்களின் குழுவில் போட்டோ ஸ்டூடியோக்காரர் ஒரு படம் போட்டிருந்தார். ‘ஈரக் குடைகள்’ ரெக்கார்டு. என்னிடமும் ஒன்று இருக்கிறது என்று கீழே ஒரு வரி வேறு.

அதெப்படி இருக்கும்? நாற்பது வருஷத்துக்கு முன்னால் யாரோ நாலு பேர் ஒரு கார் ஷெட்டுக்குள் நின்றுகொண்டு கிதாரையும் டிரம்ஸையும் போட்டு அடி அடியென்று அடித்து, பக்கத்துக்கு ஒரு பாட்டாக ஒரே ஒரு சின்ன ரெக்கார்டு போட்டுவிட்டுக் காணாமல் போனார்கள். அவர்கள்தான் ஈரக் குடைகள். அந்த ரெக்கார்டு உலகத்திலேயே ஒன்றுதான் மிச்சம், அது டாக்டரிடம் இருக்கிறது என்று குழுவின் பட்டியலில் முதல் வரியிலேயே எழுதியிருக்கிறது. வீட்டில் அவர் பேச்சை ஒரு பொருட்டாக மதிக்க நாதியில்லை. பதினோரு வருஷமாக அவரைத் தலைநிமிர்ந்து நடக்க வைத்தது அந்த ஒரு வரிதான்.

“டூப்ளிகேட்டைக் காட்டி என் தலையில மிளகாய் அரைக்கப் பாக்கறான்,” என்றார் நோயாளியிடம்.

நோயாளி அறுபத்தைந்து வயதுப் பெரியவர். வாய் மூடாமலிருக்க ரப்பர் கட்டை, கன்னத்தில் பஞ்சு, எச்சில் உறிஞ்சும் குழாய். “ஆ… ஆ…” என்றார்.

“வலிக்குதா? பேசாதீங்க,” என்று டாக்டர் இன்னொரு ஊசி போட்டார்.

அது போலி என்று குழுவில் எழுதினார். உடனே பதில் வந்தது. அசல் ரெக்கார்டில், பாட்டின் நடுவில் டிரம்ஸ்காரர் கையிலிருந்து குச்சி நழுவிக் கீழே விழுகிற சத்தம் கேட்கும், உங்களுடையதில் கேட்கிறதா என்றார் ஸ்டூடியோக்காரர். டாக்டருக்கு எப்படித் தெரியும்? பிளேயர் ஊசி பட்டால் தேய்ந்துவிடும் என்று அவர் அதை ஒரு தடவைகூடப் போட்டுக் கேட்டதில்லை. ஒரு மணி நேரத்துக்குள் போனில் போட்டுக் காட்டுங்கள், இல்லாவிட்டால் அந்த வரியை அடித்துவிடுவோம் என்றது குழு.

பதினோரு வருஷ மரியாதைக்கு ஒரு மணி நேரக் கெடு. என்ன அநியாயம் பாருங்கள்!

ரெக்கார்டை வீட்டில் வைத்தால் யாராவது தட்டு என்று நினைத்து எதையாவது மூடி வைப்பார்களென்று, எக்ஸ்ரே அலமாரியில்தான் பூட்டி வைத்திருந்தார். அதை எடுத்து, கையில் கிடைத்த சமதளத்தின் மேல் வைத்துவிட்டு, ரெக்கார்டு பிளேயரைத் தூக்கி வரக் காத்திருப்போர் அறைக்கு ஓடினார். அந்தச் சமதளம், இடுக்கிகளைக் கொதிக்க வைக்கும் ஸ்டெரிலைசரின் மூடி. நேரெதிரே படுத்திருந்த பெரியவர் கையை ஆட்டி ஆட்டி “ஆ… ஆ…” என்று அலறினார். திரும்பி வந்த டாக்டர் மூன்றாவது ஊசியைப் போட்டுவிட்டுத்தான் மூடியைப் பார்த்தார்.

ரெக்கார்டு கிண்ணம் மாதிரி குழிந்திருந்தது.

அப்படியே விடுங்க, ஸ்டூடியோவுக்கே எடுத்துப் போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றார் நர்ஸம்மா. அவன் வாசலை மிதிப்பதா? டாக்டர் இரண்டு கண்ணாடிப் பலகைகளுக்கு நடுவில் ரெக்கார்டை வைத்து, மேலே பல்செட்டு அச்சுகளையெல்லாம் அடுக்கினார். அதுவும் போதாதென்று இரண்டு கையையும் ஊன்றி அழுத்தினார். டப்பென்று ஒரு சத்தம்.

இரண்டு துண்டு. பல் சிமெண்டைப் பூசி ஒட்டி, நீல விளக்கைக் காட்டிக் காய வைத்தார். கெடு முடிய நாலு நிமிஷம் இருக்கும்போது போனைப் பக்கத்தில் வைத்து ரெக்கார்டின் மேல் ஊசியை இறக்கினார்.

டொக். டொக். டொக். டொக்.

குழு முழுக்கக் கேட்டது. குச்சி ஒரு தடவைதானே விழும், டாக்டர் வீட்டுக் குச்சி நிமிஷத்துக்கு நாற்பது தடவை விழுகிறதே என்று ஸ்டூடியோக்காரர் எழுதினார். நாலு பேர் சிரிக்கிற பொம்மைப் படம் போட்டார்கள். ஐந்தாவது ஆள் பட்டியலில் இருந்த வரியை அடித்தார்.

டாக்டருக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. அதை மறைக்க, பெரியவர் வாயிலிருந்த கட்டையையும் பஞ்சையும் வெடுக்கென்று பிடுங்கிப் போட்டார்.

“குச்சி விழுந்துச்சுன்னு இவன் சொன்னா ஆச்சா? கூட இருந்து பாத்தவன் எவனாவது வந்து சொல்லட்டும், ஒத்துக்கறேன்.”

பெரியவர் வாயைக் கொப்பளித்துத் துப்பினார். மரத்துப்போன உதட்டைத் துடைத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

“குச்சிய விட்டது நான்தான் டாக்டர். இருநூறு ரெக்கார்டு போட்டோம், மூணுதான் வித்துச்சு, மிச்சத்தைக் கட்டில் கால் ஒடைஞ்ச எடத்துல முட்டுக் குடுத்திருந்தேன். நேத்து ஸ்டூடியோக்காரர் ஆசையாக் கேட்டாரேன்னு ஒண்ணை உருவிக் குடுத்தேன், அதுலேருந்து கட்டில் லேசா ஆடுது.”