இடது பின்கதவுக் கண்ணாடியும் வாய் திறந்த பையும்

ஜார்ஜ்டவுன்,
புதன்கிழமை மாலை.

பெருமதிப்பிற்குரிய மச்சான் சுகுமாரன் அவர்களுக்கு,

தங்கள் தங்கை வள்ளியம்மாவின் கணவன் நல்லமுத்து வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் இருவரும் நலம். ஜொகூரில் மகன் வீட்டில் தாங்களும் அக்காவும் நலமாக இருப்பீர்கள். இந்த உறையைப் பிரிக்கும்முன் இரத்த அழுத்த மாத்திரையைப் போட்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இல்லையென்றால் போட்டுவிட்டுத் தொடரவும். போனில் சொன்னால் இரண்டாவது வாக்கியத்திலேயே தாங்கள் குறுக்கிடுவீர்கள். ஆறுதல் மூன்றாவது வாக்கியத்தில் இருப்பதால் கூரியரில் அனுப்புகிறேன்.

முதலில் தங்கள் கார். என்னை நம்பி விட்டுப்போன கார் பத்திரமாக இருக்கிறது. இடது பின்கதவுக் கண்ணாடி மட்டும் திங்கட்கிழமை கீழே இறங்கியது, பிறகு ஏறவில்லை. முன்னால் உட்கார்ந்தால் நான் ஓட்டுவதைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று வள்ளி எப்போதும் பின்னால்தான் உட்காருவாள். அன்று பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. காருக்குள்ளேயே குடையை விரித்துக்கொண்டு அவள் வீடு வந்து சேர்ந்தாள்; சிக்னலில் பக்கத்தில் நின்ற பஸ்ஸில் இருந்தவர்கள் படம் எடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பட்டர்வொர்த் ஸ்டேஷனில் தங்களை இதே காரில்தான் அழைத்து வர வேண்டும், தாங்கள் உட்காரும் இடமும் அதே இடது பக்கம் என்று நினைத்ததும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் இருபத்தேழு வருடம் மேற்பார்வையாளராக இருந்தவன் என்பதால் பட்டறைக்குப் போகாமல் நானே கதவில் காதை வைத்துக் கேட்டேன். சத்தமே இல்லை. மோட்டார் செத்துவிட்டது என்று முடிவு செய்தேன். என்னோடு வேலை செய்த சாஹித் பாயும் காதை வைத்துக் கேட்டு அதையே சொன்னார். புதிய மோட்டார் வர மூன்று வாரம் ஆகுமாம். கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம் பழைய கார்களைப் போட்டுவைத்திருக்கும் இடம் ஒன்று பாய்க்குத் தெரியும், அங்கே தங்கள் காரின் ஜோடி கிடக்கிறது என்றார்.

நாமே கழற்றிக்கொள்ள வேண்டும், சாமான் நாம்தான் கொண்டுபோக வேண்டும், தரை முழுக்கச் சேறு, கீழே வைத்த எதுவும் திரும்பக் கிடைக்காது. இதுதான் அந்த இடத்து முதலாளியான தவுக்கே போனில் சொன்னது. என் ஸ்பேனர்களோ இத்தனை வருடமும் ஒரு பிஸ்கட் டின்னில் கிடந்தவை. ஆகவே செவ்வாய்க்கிழமை லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்துச் சந்தில் ஃபஸீலா நடத்தும் இரும்புச்சாமான் கடைக்குப் போனோம். மூன்று பைகளை எடுத்துப் போட்டது அந்தப் பெண். சக்கரம் வைத்த பெட்டி ஒன்று. சேற்றில் உருளாது என்று தள்ளினேன். முதுகில் மாட்டும் ஜிப் வைத்த பை ஒன்று. ஒவ்வொரு முறையும் கழற்றி, திறந்து, தேடி, மூடி, மறுபடி மாட்ட வேண்டும். மூன்றாவது கெட்டியான கித்தான் பை. அடிப்பக்கம் தட்டையாக நிற்கும், தோளில் தொங்கும், உள்ளே வரிசையாக அறைகள், வாய் அகலமாகத் திறந்தே இருக்கும்.

"அண்ணே, ஜிப் உள்ளத எடுங்கலா. வெளிய வேலைக்குப் போறவங்க யாரும் வாய் தொறந்தத வாங்க மாட்டாங்க" என்றது ஃபஸீலா.

"ஸ்பேனர் கண்ணுக்குத் தெரியணும்மா. தேடுற நேரத்துல வேலைய முடிச்சிடலாம்" என்றேன்.

"பட்டறையில சரி. அந்த மாதிரி எடத்துல உள்ள என்ன விழும், என்ன போகும்னு தெரியாது அண்ணே."

அரை மணி நேரம் மூன்றையும் தோளில் மாட்டிக் குனிந்து நிமிர்ந்து பார்த்தேன். வள்ளி வெளியே போய் ஒரு சேலை வாங்கிக்கொண்டு வந்தாள், நான் அதே நிலையில் இருந்தேன். கடைசியில் வாய் திறந்த பையையே எடுத்தேன்.

இன்று காலை சாஹித் பாயின் வேனில் போனோம். கார்களை ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று அடுக்கு வைத்திருந்தார்கள். நமக்கு வேண்டியது அடியில். நான் பின்சீட்டுக்குள் நுழைந்தபோது மேலே இருந்த இரண்டும் லேசாக முனகின.

"அண்ணே, மேல உள்ளது ஆடுது" என்றார் பாய்.

"ஆடட்டும். நீங்க தும்மாம இருங்க" என்றேன்.

பையை முன்சீட்டுக்கு அடியில் இருட்டாக இருந்த இடத்தில் வைத்தேன். இரண்டு மணி நேரம். ஒரு போல்ட் துருப்பிடித்து நகரவே இல்லை. ஒவ்வொரு முறை நான் இழுக்கும்போதும் தலைக்கு மேல் தகரம் கிறீச்சிட்டது, ஒவ்வொரு முறையும் வள்ளியையும் தங்களையும் நினைத்துக்கொண்டேன், தங்களைத்தான் அதிகம். பார்க்காமலே பைக்குள் கைவிட்டு ஸ்பேனர் எடுத்தேன், பார்க்காமலே திரும்பப் போட்டேன். மோட்டார் வந்துவிட்டது. தவுக்கே பைக்குள் எட்டிப் பார்த்துத் தலையாட்டினார். பை கனமாக இருந்தது. மோட்டாரின் கனம் என்று நினைத்தேன்.

வேனில் எங்கள் இருவருக்கும் நடுவில் கியருக்குப் பக்கத்தில் பையை வைத்தேன். பாலத்தில் ஏறிச் சில நிமிடங்களில், பையில் மேலாகக் கிடந்த கைத்துணி தானாக உயர்ந்தது. காற்று என்று நினைத்துக் கண்ணாடியைப் பார்த்தேன், மூடியிருந்தது. துணி விலகியது. மஞ்சளும் பழுப்புமாக ஒரு தலை, என் கட்டைவிரல் அகலம், பையின் விளிம்பில் தாடையை வைத்து என் முழங்காலைப் பார்த்தது.

மச்சான், சாஹித் பாய் பல்லியைக் கண்டாலே நாற்காலிமேல் ஏறுகிறவர். பின்னால் லாரி, இடது பக்கம் மோட்டார் சைக்கிள்கள், இரண்டு பக்கமும் கடல், பாலம் பாதிகூட முடியவில்லை. நான் மெதுவாக இரண்டு கால்களையும் சீட்டுமேல் தூக்கி வைத்தேன்.

"என்னண்ணே, கால் வலிக்கிதா?"

"ஆமா பாய். நேரா பாத்து ஓட்டுங்க."

"ஏன் மெதுவா பேசுறீங்க?"

"தொண்டையும் வலிக்கிது."

அந்த நேரம் பார்த்து அவருக்கு வேர்த்தது. முகம் துடைக்கத் துணியை எடுக்க இடது கையைப் பையை நோக்கி நீட்டினார். பாதியிலேயே அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். விடவில்லை.

"அண்ணே, கையப் புடிச்சிக்கிட்டா கியர் எப்படி போடுறது?"

"போட வேணாம். இதே வேகத்துல போங்க. பாய், நாம எத்தன வருசப் பழக்கம்?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். எனக்கு ஏதோ பெரிய நோய் என்று டாக்டர் சொல்லிவிட்டதாக நினைத்திருக்கிறார், கண் கலங்கிவிட்டது. அப்படியே கைகோத்துக்கொண்டு பாலம் முழுவதையும் கடந்தோம். தலை ஒருமுறை உள்ளே போனது. எங்கே போனது என்று தெரியாத அந்த அரை நிமிடம்தான் எல்லாவற்றிலும் மோசம்.

தீவுக்கு வந்து ஓரமாக நிறுத்தச் சொல்லி, நிறுத்திய பிறகு விஷயத்தைச் சொன்னேன். அவர் இறங்கி இருபது அடி ஓடிவிட்டார். வேனில் என் பக்கக் கதவை வெளியிலிருந்துதான் திறக்க முடியும். அதை நானும் அவரும் ஒரே நேரத்தில் நினைத்துக்கொண்டோம். அவர் அங்கேயே நின்று ஓதிக்கொண்டிருந்தார். நான் உள்ளே சீட்டுமேல் குந்தியிருந்தேன். ஓட்டுநர் பக்கம் போகலாம் என்றால் பையைத் தாண்ட வேண்டும். பிறகு, மச்சான், அந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டு வந்தார். வேனைத் தடவித் தடவி வந்து கைப்பிடியைக் கண்டுபிடித்துத் திறந்தார். நான் அவர்மேலேயே விழுந்தேன்.

போன் செய்தோம், பொம்பா வண்டி வந்தது. தீயணைப்பு வீரர் ஒருவர் வெறும் கையால் தூக்கினார். நாலடி மலைப்பாம்பு, இன்னும் குட்டிதானாம்.

"பாலத்துலயே சொல்லிருந்தா நான் கடல்ல விட்டுருப்பேன் வண்டிய" என்றார் பாய். கொஞ்ச நேரம் கழித்து, "உங்களுக்கு நோய் ஒண்ணும் இல்லயே?" என்று கேட்டார்.

ஆகவே மோட்டார் கையில் இருக்கிறது. நாளைக் காலை மாட்டிவிடுவேன். நோயைச் சரியாகக் கண்டுபிடித்ததால்தான் மருந்தும் கிடைத்தது என்பதை மட்டும் அடக்கத்துடன் சொல்லிக்கொள்கிறேன். அக்காவுக்கு என் வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி. தண்ணீர்மலை முருகன் தங்களைச் சுகமாக ரயிலில் கொண்டுவந்து சேர்க்கட்டும்; இறங்கும்போது தங்கள் மனமும் குளிர்ந்திருக்கட்டும்.

என்றும் பணிவுள்ள,
நல்லமுத்து

பின்குறிப்பு: வியாழன் காலை. ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். மோட்டாரை மாட்டினேன். கண்ணாடி அசையவில்லை. ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்த வள்ளி, "இது என்னங்க, கண்ணாடி படம் போட்டு மேல கோடு கிழிச்சிருக்கு?" என்று தன் பக்கக் கதவில் இருந்த ஒரு பொத்தானை அழுத்தினாள். பின்கதவுப் பொத்தானை நான் அழுத்திக்கொண்டே இருந்தேன், கண்ணாடி ஏறியது. மற்றக் கதவுகளின் கண்ணாடிகளைப் பூட்டிவைக்கிற பொத்தானாம் அது. திங்கட்கிழமை கண்ணாடி இறங்கிய பிறகு, தூசி துடைக்கும்போது நான்தான் அழுத்தியிருக்க வேண்டும். பழைய மோட்டாரைத் திரும்ப மாட்டிப் பார்த்தோம். அதுவும் நன்றாக ஓடுகிறது. ஆகையால் தங்கள் காரில் எந்தப் பழுதும் இருந்ததில்லை என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன். இப்போது ஒன்று இருக்கிறது: கழற்றும்போது கதவின் உள்பலகையைப் பிடித்திருந்த கிளிப்புகள் எல்லாம் உடைந்துவிட்டன, பலகை நிற்கவில்லை. கிளிப்புகளுக்காகச் சனிக்கிழமை காலை மறுபடி பாலம் தாண்டுகிறோம்.