டிசம்பர் நீதிபதியும் பத்து இசைத்தட்டுகளும்

“என் காதை ஏமாத்துற இசைத்தட்டு இன்னும் அச்சாகலடா!”

வடக்குப் பனிநாட்டுத் தம்பெரே நகரத்தின் ‘கரடிக்குகை’ மதுக்கடையில், தாடியில் லிங்கன்பெர்ரி ஜாம் ஒழுக, கறுப்பு சாசேஜைக் கடித்தபடி இல்போ இதைப் பிரகடனம் செய்தபோது யாரும் மறுக்கவில்லை. மறுத்தால் அடுத்த ஒரு மணி நேரம் அவர் பேசுவார் என்று எல்லோருக்கும் தெரியும்.

வாசகரே, இந்த இனத்தை உங்களுக்குத் தெரியும். ஆண்டில் பதினொரு மாதம் இவர்களும் மனிதர்கள்தான். பேருந்து ஓட்டுவார்கள், வரி கட்டுவார்கள், பனி தள்ளுவார்கள். டிசம்பர் பிறந்ததும் நீதிபதிகளாகிவிடுவார்கள். அந்த ஆண்டு வெளிவந்த ராக், மெட்டல் ஆல்பங்களில் தலைசிறந்த பத்து எவை என்று உலகத்துக்கு அறிவிக்கும் பொறுப்பு எந்தத் தேர்தலும் இல்லாமல் இவர்கள் தோளில் வந்து உட்கார்ந்துகொள்ளும். உலகம் கேட்டதா? உலகம் எதைத்தான் கேட்டது?

இவர்களை அடையாளம் காண்பது எளிது. சட்டை கறுப்பு. மார்பில் ஒரு குழுவின் பெயர், மின்னல் தாக்கிய முள்புதர் போல. அதைப் படிக்க முடிந்தால் அந்தக் குழு சரியில்லை என்று பொருள். ஓர் ஆல்பம் பிடித்திருக்கிறது என்று நீங்கள் சொன்னால், “அவங்க முதல் ஆல்பத்தைக் கேட்டிருக்கணும்” என்பார்கள். முதல் ஆல்பத்தையே கேட்டிருக்கிறேன் என்றால், “அதுக்கு முன்னாடி கேசட்ல ஒண்ணு விட்டாங்க” என்பார்கள். அந்தக் கேசட்டும் உங்களிடம் இருந்தால்? பெருமூச்சு விட்டு, “ரெண்டாவது கிட்டார்காரன் போன அன்னிக்கே எல்லாம் முடிஞ்சுபோச்சு” என்று ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார்கள். வெளியே ஒன்றும் இருக்காது. பனி இருக்கும்.

இல்போவின் பத்தில் எப்போதும் ஒன்று, மொத்தமே ஐம்பது பிரதி அச்சான தட்டாக இருக்கும். இன்னொன்று, வரைபடத்தில் தேடி எடுக்க வேண்டிய நாட்டிலிருந்து வந்திருக்கும். பத்தாம் இடத்தில் புகழ்பெற்ற கிழட்டுக் குழு ஒன்று, பிச்சை போட்டதுபோல. மகிழ்ச்சியான பாட்டுக்கு அதில் இடம் கிடையாது. வேகமான பாட்டுக்கு அறவே கிடையாது. “வேகம் சின்னப் பசங்க பிறந்தநாளுக்கு. மெட்டல்னா சவ ஊர்வலம் மாதிரி நடக்கணும்” என்பது அவர் சித்தாந்தம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தட்டின் அட்டையை அவர் பார்ப்பதில்லை. நடுவில் ஒட்டிய வட்டத் தாளையும் படிப்பதில்லை. “படிக்கிறவன் வாசகன்டா. நான் கேக்கிறவன்.” தட்டை வைப்பார், முள்ளை இறக்குவார், கண்ணை மூடுவார். அவர் மனைவி ரித்வா அந்த நேரத்தில் மிக்சியைப் போட்டால் ஒரு வாரம் பேச மாட்டார். அதனால்தான் அவள் போடுகிறாள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு.

கரடிக்குகையின் டிசம்பர் தீர்ப்புக்கு மதிப்பு உண்டு என்பதுதான் இதில் விபரீதம். முதலிடம் பெறும் குழுவுக்கு ஜூலை மாதத் திறந்தவெளி விழாவில் பெரிய மேடை. நடுவர்கள் மூவர்: கடை முதலாளி ஹன்னு, பல் வைத்தியர் செப்போ, இல்போ. அதாவது இல்போ.

அந்த ஆண்டு அவர் முதலிடம் கொடுத்தது ‘ஈரக்கம்பளி’ என்ற யாருக்கும் தெரியாத குழுவுக்கு. தபாலில் ஒரு தட்டு அனுப்பியிருந்தார்கள். இணையத்தில் எதையும் போடுவதில்லை என்ற கொள்கைக்காரர்கள். இல்போ கேட்டார். கண்ணில் நீர் வந்தது. அப்படி ஒரு மந்தம்! ஒவ்வொரு டிரம் அடியும் ஏரியின் பனிக்கட்டிக்கு அடியிலிருந்து யாரோ தட்டுவதுபோல. அந்தக் குரல், பாறைக்குள்ளிருந்து எழும் குரல்! “ரெண்டு நண்பர்களையாவது புதைச்ச கிழவனாலதான் இப்படிப் பாட முடியும்” என்றார். ஹன்னுவும் செப்போவும் தட்டைக் கேட்டதாகவும், கிழவனின் துக்கம் தங்களையும் உலுக்கியதாகவும் சொன்னார்கள். தட்டு இல்போவின் வீட்டை விட்டு வெளியே போனதே இல்லை என்பதை அவரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

வழக்கப்படி ஒரு சனிக்கிழமை மதியம் வெற்றிபெற்ற குழு கரடிக்குகைக்கு வந்து வாசிக்க வேண்டும். முடிந்ததும் இல்போ தீர்ப்புரை படிப்பார். கடை நிறைந்திருந்தது. மேடையில் மூன்று பெண்கள் ஏறினார்கள்.

“வணக்கம். என் பேர் வென்லா. வடக்கே கயானி ஊர்லேருந்து வர்றோம். வேன்ல ஹீட்டர் வேலை செய்யல. அதனால விரல் சூடாகற வரைக்கும் வேகமா வாசிப்போம். அப்புறம் இன்னும் வேகமா.”

வாசித்தார்கள். நாய்க்குட்டி மாடிப்படியில் உருண்டு இறங்குவதுபோல இருந்தது. நாற்காலிகள் ஆடின. இல்போ கையைக் கட்டிக்கொண்டு, முன்னால் வாசிக்கும் துணைக்குழு என்று பொறுத்துக்கொண்டார். முதல் பாட்டு முடிந்ததும் பெரிய மனது பண்ணிக் கேட்டார்: “பரவாயில்ல, பொண்ணுங்களா. ஈரக்கம்பளி எப்ப வருவாங்க?”

“நாங்கதான்.”

“பாடற பெரியவர் எங்க?”

“எந்தப் பெரியவர், சித்தப்பா?”

“அந்த… நண்பர்களைப் புதைச்சவர்.”

வென்லா யோசித்தாள். “நான் ஒரு பூனையைப் புதைச்சிருக்கேன். ஆறு வயசுல.”

டிரம்ஸ் வாசித்தவள்தான் மெல்ல எட்டிப் பார்த்துக் கேட்டாள்: “தட்டை எந்த வேகத்துல ஓட்டினீங்க?”

பெரிய தட்டு என்றால் நிமிடத்துக்கு முப்பத்து மூன்று சுற்று என்பது பொது வழக்கம். ஒலி துல்லியமாக வர வேண்டுமென்று சிலர் பெரிய தட்டையும் நாற்பத்தைந்தில் ஓடும்படி அச்சிடுவார்கள். அதை எங்கே எழுதுவார்கள்? நடுவில் ஒட்டிய தாளில். அதை யார் படிப்பதில்லை? நாற்பத்தைந்தில் ஓட வேண்டிய தட்டை முப்பத்து மூன்றில் ஓட்டினால் துள்ளல் சவ ஊர்வலமாகும், பெண் குரல் கிழவன் குரலாகும்.

ஹன்னு ஏற்கெனவே சுத்தமாக இருந்த கோப்பையைத் துடைத்தார். செப்போ தன் பற்களை நாக்கால் எண்ணினார். கேட்டதாகச் சொன்னவர்கள் இப்போது எப்படி வாயைத் திறப்பது?

ஆனால் இந்த இனம் அவ்வளவு எளிதில் விழாது. இல்போ எழுந்தார்.

“தப்பு உங்க மேல. உங்க இசை உங்களுக்கே புரியல. அதோட உண்மையான வேகத்தை நான் கண்டுபிடிச்சிருக்கேன். ஜூலையில அந்த வேகத்துல வாசிக்கிறதா இருந்தா மேடை உங்களுக்கு. இல்லன்னா முதலிடம் வேற ஆளுக்கு.”

மூன்று பெண்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பெரிய மேடை. இளைஞர் மன்றங்களில் நாற்பது பேருக்கு வாசித்து, பெட்ரோலுக்குச் சில்லறை தேற்றிய குழு அது. டிரம்ஸ்காரி குச்சியை உருட்டினாள். அவள் முகத்தில் ‘ஒத்துக்கலாமா?’ என்ற கேள்வி தெரிந்தது.

வென்லா மைக்கைப் பிடித்தாள். “அந்த வேகத்துல வாசிச்சா இவ பாதிப் பாட்டுல தூங்கிடுவா, சித்தப்பா. மேடையை வேற யாருக்காவது குடுத்துடுங்க.”

ஒயர்களைச் சுருட்டத் தொடங்கினார்கள். அப்போதுதான், எத்தனையோ டிசம்பர்களில் முதல்முறையாக, செப்போ வாயைத் திறந்தார்.

“இல்போ, நீ சொன்ன தீர்ப்பை என்னிக்காவது மாத்தியிருக்கியா?”

“என்னிக்குடா மாத்தியிருக்கேன்?”

“அப்ப இன்னிக்கும் மாத்தாதே. இல்லன்னா ஏன் மாத்துறேன்னு எல்லாருக்கும் விளக்கமா சொல்லு.”

விளக்குவதா? அந்தக் கூட்டத்துக்கா? இல்போ தீர்ப்புரைத் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு, “தீர்ப்பு தீர்ப்புதான்” என்று முனகிவிட்டு உட்கார்ந்தார். கூட்டம் தட்டிய தட்டில் மேசைகள் அதிர்ந்தன. பெண்கள் சுருட்டிய ஒயரை மறுபடி பிரித்தார்கள். தீர்ப்புரை மட்டும் அன்று படிக்கப்படவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள், வாசகரே. சிரியுங்கள். ஆனால் பாதிப் படத்தில் தூங்கிவிட்டு, மறுநாள் நண்பர்களிடம் “அதோட மௌனம் என்னை உலுக்கிடுச்சு” என்று சொன்னது யார்? முன்னுரையோடு மூடிவைத்த நாவலை ஆண்டின் சிறந்த நாவல் என்று அறிவித்தது யார்? எதற்கும் சட்டை நிறத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இல்போவை விட்டுவிடுங்கள். மறுநாள் காலை ரித்வா சாமான் வாங்கப் போன பிறகு, அவர் கதவைத் தாழிட்டார். இசைத்தட்டு அலமாரியின் முன்னால் தரையில் உட்கார்ந்தார். இரண்டாம் இடம் கொடுத்த தட்டை உருவி, நடுத்தாளைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் படித்தார். பிறகு மூன்றாவதை. பிறகு போன ஆண்டின் முதலிடத்தை. பிறகு அதற்கும் முந்தைய ஆண்டுடையதை. அதை மட்டும் இருமுறை படித்துவிட்டு, அட்டைக்குள் தள்ளி, அலமாரியின் பின்வரிசையில் செருகினார்.